ஒரு பக்க வெயில்

கிருஷ்ணகிரி,
பங்குனி மாதக் கடைசி.

அன்புள்ள கண்ணு,

நேற்றிரவு நீ அனுப்பிய படத்தை நானும் அப்பாவும் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தோம். கண்ணோரம் கோடு விழுந்துவிட்டது, கன்னத்தில் மங்கு படர்கிறது, 38 வயதிலேயே பாட்டியாகிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். கூடவே, நம் பணத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் ஒரு க்ரீமின் படத்தையும் அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பணம் உன்னுடையது, ஆனால் முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவளிடம் கேட்டுவிட்டாய், ஆகவே ஒரே வரியில் பதில் வராது.

படத்தைப் பெரிதாக்கியபோது, கோடும் மங்கும் ஒரு கன்னத்தில் மட்டும் கூடுதலாக இருப்பது தெரிந்தது. எந்தக் கன்னம் என்பதில்தான் குழம்பினேன். செல்போனின் முன்கேமரா சில சமயம் கண்ணாடிபோல இடவலம் மாற்றிக் காட்டிவிடுகிறது. உன் தாடை மச்சத்தை அடையாளம் வைத்துச் சரிபார்த்தேன், இடக்கன்னம்தான். உடனே அப்பாவை விளக்கடியில் உட்காரவைத்து அவர் முகத்தையும் பார்த்தேன். அவருக்கு வலக்கன்னம்! மாம்பழக்கூழ் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கும், சரக்கோடு தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்துக்கும் 27 ஆண்டுகள் லாரி ஓட்டியவர், வலக்கையைக் கதவின்மேல் வைத்தபடியே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். அவருடைய வலது முன்கை புளியங்கொட்டை நிறத்தில் சுருங்கிக் கிடக்கிறது. இடது முன்கைக்கு அதைவிடப் பத்து வயது குறைவென்று சொல்லலாம். நீ இருக்கும் கனடாவின் கால்கரியில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்; அலுவலகத்துக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று நீதான் சொன்னாய்.

இது என் கற்பனையன்று. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் புகைப்படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. வலப்பக்கம் வயதுக்கேற்ற முகம், இடப்பக்கம் தடித்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல். ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே பரம்பரை. கண்ணாடியை ஏற்றித்தானே ஓட்டுகிறேன் என்று நீ கேட்பாய். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் ஏ, பி என்று இரண்டு வகையாக நம்மை வந்தடைகின்றன. தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் தோலின் ஆழம்வரை இறங்கும் புற ஊதா ஏ கதிரைச் சாதாரணப் பக்கக் கண்ணாடி கணிசமாக உள்ளே விட்டுவிடும். இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிச் செய்வதால், முன்கண்ணாடி அந்தக் கதிரையும் நன்றாகவே தடுக்கிறது. உன் இடக்கன்னத்துக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை.

வயதால் வரும் மூப்பு வேறு, வெயிலால் வரும் மூப்பு வேறு என்பதைப் புரிந்துகொள்ள வெளியே எங்கும் போகவேண்டாம். உன் மேற்கையின் உட்புறத்தைப் பார். பிறகு முன்கையின் வெளிப்புறத்தைப் பார். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. உட்புறத்தில் இருப்பது காலம் செய்த வேலை மட்டும். வெளிப்புறத்தில் அதன்மேல் வெயிலும் தன் கணக்கை எழுதியிருக்கிறது.

காலம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் நாம் செய்யக்கூடியது குறைவு. மேல்தோலுக்கு அடியில் உள்ள உள்தோலைக் கயிற்றுக் கட்டில்போல இழுத்துப் பிடித்திருப்பது கொலாஜன் என்னும் புரத இழை; இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவைப்பது எலாஸ்டின். இருபதுகளைக் கடந்தபின் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைந்துகொண்டே வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் முதல் ஐந்து ஆண்டுகளிலேயே 30 சதவீதம் வரை போய்விடும். என் கழுத்தைப் பார்த்து நீ சிரித்தாயே, அதற்குப் பொருள் இதுதான். புற ஊதா ஏ கதிர், கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிட்டு இந்த இழப்பை வேகப்படுத்துகிறது. புகை பிடிப்பதும் ஏறத்தாழ இதையே செய்கிறது. அப்பாவின் உதட்டைச் சுற்றியுள்ள கோடுகளுக்குப் பீடியும் பொறுப்பு, அதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

நம் நிறத்துக்கு ஒரு சாதகம் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நமக்கு நிறைந்திருந்து ஒரு குடைபோலப் பிடித்துக்கொள்வதால், நமக்குச் சுருக்கம் வெள்ளையரைவிடத் தாமதமாக வரும். ஆனால் அதே மெலனின் சீண்டப்பட்டால் திட்டுத் திட்டாகக் கருத்துவிடும். ஆகவே நம் முகத்தில் முதலில் தெரிவது பெரும்பாலும் கோடு அன்று, மங்கு. கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது பாதிதான் உண்மை.

ஆகவே, அந்த ஒன்பதாயிரத்தை எடுத்து வை. முதலில் ஒரு சன்ஸ்கிரீன் வாங்கு. உறையில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருப்பது வெயில் காப்பின் அளவு; அது 30 என்றால் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. எண்ணைத் துரத்திப் பயனில்லை. புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பிதுக்கி எடுக்கவேண்டும். பொட்டு வைப்பதுபோலத் தொட்டுத் தடவினால் உறையில் போட்ட எண்ணில் கால்வாசிகூடக் கிடைக்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடியும் பூசு. மங்கு இருப்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நம் தோல் நிறத்திலேயே வரும் வகை உனக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதையும் அது தடுக்கும், முகமும் சாம்பல் பூசியதுபோல வெளுக்காது. ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. எந்த மூப்புத் தடுப்புக் க்ரீமுக்கும் இப்படி ஒரு சான்றை நான் கேட்டுப் பார்ப்பேன்.

குளிர்நாட்டில் வெயில் ஏது என்று நினைக்காதே. கால்கரி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குமேல் இருக்கிறது, நம் ஓசூரைவிடச் சற்றே உயரம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிரும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். புதிதாக விழுந்த பனியோ தன்மேல் படும் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி உன் முகத்துக்கே அனுப்பும்.

துணியை மறந்துவிடாதே. இங்கே மாந்தோப்பில் காய் பொறுக்கப் போகும் பெண்கள் சேலைமேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார்களே, அதைவிடச் சிறந்த சன்ஸ்கிரீனை நான் பார்த்ததில்லை. காரில் ஒரு முழுக்கைச் சட்டை கிடக்கட்டும்.

இனி உன் க்ரீம். சுருக்கத்துக்கு உண்மையில் வேலை செய்வதாகப் பல ஆண்டுகளாக நிரூபணமானது ட்ரெட்டினாயின் என்னும் மருந்து. அது இவ்வளவு விலையுமில்லை. ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்து, இரவில் பட்டாணியளவு, வாரத்துக்கு இரண்டு நாளில் தொடங்கவேண்டும். முதலில் தோல் உரியும், காந்தும். குழந்தைக்காகக் காத்திருக்கும் காலத்தில் அதைத் தொடவே கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவரை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், உன் சித்தி நினைவு வருகிறாள். மங்கு போகும் என்று கடைக்காரர் கொடுத்த ஒரு டியூபை அவள் எட்டு மாதம் பூசினாள். முதல் மாதம் முகம் பளிச்சென்றது. பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது, பருக்கள் வந்தன, கன்னத்தில் முடி வளர்ந்தது, வெயிலில் நின்றால் நெருப்புப் பட்டதுபோல எரிந்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. நிறுத்தியதும் இன்னும் சிவந்ததால் பயந்து மறுபடியும் பூசினாள். அதிலிருந்து மீள அவளுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆகையால் யார் எதை அனுப்பினாலும், உறையில் மூலப்பொருள் எழுதாத எதையும் பூசாதே.

அங்கே ஹீட்டர் காற்றில் தோல் வறளும். வெந்நீரில் நெடுநேரம் நிற்காமல், குளித்த ஈரம் உலரும்முன் மாய்ச்சரைசர் தடவு. ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கும்போது அப்பா தன் வயதே குறைந்துவிட்டதாகச் சொல்வார். எண்ணெய் வயதைக் குறைக்காது, தோலின் ஈரம் ஆவியாகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அந்த இன்பத்தை நான் குறைசொல்லவில்லை.

உன் மங்கின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி தனியாகக் கறுத்துத் தெரிகிறது. அது பெரிதாகிறதா, வடிவம் மாறுகிறதா என்று கவனி; மாறினால் தோல் மருத்துவரிடம் காட்டு. அப்பா இப்போது ஸ்கூட்டரில் கிளம்பும்போதும் முழுக்கைச் சட்டை போடுகிறார், வலக்கையை மட்டும் மடித்துவிடாமல் இருக்கிறாரா என்று நான் வாசல்வரை வந்து பார்க்கிறேன். அடுத்தமுறை உன் இரண்டு கன்னத்தையும் தனித்தனியே எடுத்து அனுப்பு, பின்கேமராவில் எடு.

அன்புடன்,
அம்மா