31-0 மட்டும்தான் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமீபத்தில் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி பார்த்தேன். சர்வதேசக் கால்பந்தில் மிக மோசமான தோல்வி எது என்று கேட்டு, அமெரிக்கன் சமோவா 2001-ல் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றதைப் போட்டிருந்தீர்கள். தகவலில் பிழை இல்லை. ஏப்ரல் 11, காஃப்ஸ் ஹார்பர் ஊரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம், ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல் போட்டார். ஆனால் பசிபிக் தீவுகளின் கால்பந்து என்றால் வருஷக்கணக்காக இந்த ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தீவுகளும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவும் சேர்ந்த ஓசியானியாப் பகுதிக்கென்றே 1973-லிருந்து ஒரு சர்வதேசப் போட்டி நடக்கிறது, ஓசியானியா நேஷன்ஸ் கோப்பை என்று பெயர். அது நடக்கும்போது ஒரு வரிகூட வருவதில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த 31-0 பற்றியே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் சமோவா, அறுபதாயிரம் பேர்கூட இல்லாத, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவு. அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டுமே ஆடலாம் என்று ஃபிஃபா சொல்லிவிட்டதால், தேர்வாகியிருந்த அணியில் தேறியவர் கோல்கீப்பர் நிக்கி சலாபு ஒருவர்தான். இருபது வயதுக்கு உட்பட்டோர் அணியைக் கூப்பிடலாம் என்றால் அவர்களுக்குப் பள்ளிப் பரீட்சை. கடைசியில் பதினைந்து வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டுதான் களம் இறங்கினார்கள். அந்தச் சலாபு பத்து வருஷம் கழித்து, 2011 நவம்பரில், மறுபடியும் அதே அணிக்கு கோல் காக்க வந்தார். பக்கத்து நாடான சமோவாவின் ஆப்பியா நகரில் டோங்காவை 2-1 என்று ஜெயித்தார்கள், அதுதான் ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அமெரிக்கன் சமோவாவின் முதல் வெற்றி. அன்று தடுப்பாட்டத்தில் நின்ற ஜாயா சாயலுவா, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடிய முதல் திருநங்கை. 31-0 ஐ எழுதுகிறவர்கள் இந்த 2-1 ஐயும் பக்கத்திலேயே எழுதலாம், இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது.

சரி, கோப்பைக்கு வருகிறேன். இதுவரை பதினொரு முறை நடந்திருக்கிறது. நியூசிலாந்து ஆறு முறை, ஆஸ்திரேலியா நான்கு முறை. ஆஸ்திரேலியா 2006-ல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. மிச்சம் இருக்கிற அந்த ஒன்று 2012-ல் நடந்தது, சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில். என்னைக் கேட்டால் அந்த ஒரு கோப்பைக்காகவே இந்தப் போட்டியைப் பற்றி எழுத வேண்டும்.

ஹொனியாராவின் லாசன் டாமா மைதானத்தைப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் முழுக்கப் புல் மேடு, அந்தச் சரிவிலேயே ஜனங்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள். அங்கே அரையிறுதியில் நியூசிலாந்து ஆடியது. இரண்டே வருஷத்துக்கு முன் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் இத்தாலியோடு 1-1 உட்பட மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து, தோற்காமல் வீடு திரும்பிய அதே நியூசிலாந்து. அதை நியூ கலிடோனியா 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. இறுதிப் போட்டியில் நியூ கலிடோனியாவை, பிரெஞ்சு பாலினீசியாவின் அணியான டஹிட்டி 1-0 என்று ஜெயித்தது, பத்தாவது நிமிஷத்தில் ஸ்டீவி சோங் ஹூ அடித்த கோல். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் டஹிட்டி, சமோவாவை 10-1 என்று அடித்திருந்தது. பத்தில் ஒன்பது கோல் ஒரே குடும்பத்துக்காரர்கள் போட்டது! லொரென்சோ, ஆல்வின், ஜொனத்தன் என்று மூன்று டெஹாவ் சகோதரர்கள், கூட அவர்களுடைய உறவுக்காரப் பையன் தேயாவோநூய்.

கோப்பையை ஜெயித்ததால் 2013-ல் பிரேசிலில் கண்டங்களின் சாம்பியன்கள் மோதிய கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்கு டஹிட்டி போனது. முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அணியில் ஒரே ஒருவர்தான், மராமா வாஹிருவா. மற்றவர்கள் எல்லாம் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்கள், வேலையே இல்லாதவர்களும் உண்டு. நைஜீரியாவிடம் 6-1, ஸ்பெயினிடம் 10-0, உருகுவேயிடம் 8-0. நம் பத்திரிகைகளில் இந்த எண்கள் மட்டும் தவறாமல் வந்தன. நான் அந்த ஆட்டங்களைப் பார்த்தேன், எண்ணில் வராத விஷயங்கள்தான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கின்றன. நைஜீரியாவுக்கு எதிராக ஜொனத்தன் டெஹாவ் தலையால் முட்டிக் கோல் போட்டதும், எல்லாரும் புல்தரையில் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடுவதுபோலக் கையை வீசினார்கள், அவர்கள் ஊர்ப் படகுப் போட்டி மாதிரியே. ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஸ்பெயினோடு ஆடிய அன்று கூட்டம் மொத்தமும் டஹிட்டி பக்கம். ஸ்பெயினின் டோரஸ் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் எழுந்த சத்தத்தைக் கேட்டால், டஹிட்டிதான் ஜெயித்துவிட்டது என்று நினைப்பீர்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் நன்றி பிரேசில் என்று போர்ச்சுக்கீசில் எழுதிய பேனரைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

இன்னொன்று, 2004 ஓசியானியா கோப்பை. அடிலெய்டில் சாலமன் தீவுகள், ஆஸ்திரேலியாவோடு அதன் சொந்த மண்ணிலேயே 2-2 என்று டிரா செய்தது. இரண்டு கோலும் கொமின்ஸ் மெனாபி. அந்த டிராவால் நியூசிலாந்து வெளியேற, சாலமன் தீவுகள் இறுதிக்குப் போனது. இறுதியில் பெரிய தோல்விதான், அதை மறைக்கவில்லை.

நியூசிலாந்துதானே எப்படியும் ஜெயிக்கப் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். 2016-ல் பப்புவா நியூ கினி, போர்ட் மோர்ஸ்பியில் நியூசிலாந்தை 120 நிமிஷம் கோல் போட விடாமல் நிறுத்தி, பெனால்டியில்தான் கோப்பையை இழந்தது. அடுத்தது 2020-ல் நடந்திருக்க வேண்டும், கொரோனாவில் போயிற்று. 2024 ஜூனில் வனுவாட்டுவும் ஃபிஜியும் நடத்தின. அதற்கு முந்தைய மாதம்தான் வனுவாட்டுவின் தேசிய விமான நிறுவனம் திவாலாகி விமானங்கள் நின்றிருந்தன. நியூ கலிடோனியாவில் கலவரம், அந்த அணி வரவே முடியவில்லை. தீவுக்குத் தீவு கடல் தாண்டிப் போக வேண்டிய நாடுகள் இவை, ஒரு விமானச் சேவை நின்றால் ஒரு அணியே நின்றுவிடும். இத்தனைக்கும் நடுவில் போட்டி நடந்தது, வனுவாட்டு முதல்முறையாக இறுதிக்கு வந்தது, அதுவும் தன் ஊரான போர்ட் விலாவில். நியூசிலாந்து 3-0 என்று ஜெயித்தது. மறுநாள் காலை பத்திரிகையைப் பிரித்து வரிக்கு வரி தேடினேன், ஒன்றும் இல்லை.

இப்போது 48 அணியாக விரிந்த 2026 உலகக் கோப்பையில் ஓசியானியாவுக்கு முதல்முறையாக ஒரு நேரடி இடம் கிடைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் ஆக்லாந்தில் நியூ கலிடோனியாவை 3-0 என்று ஜெயித்து அதை நியூசிலாந்து எடுத்துக்கொண்டது. அந்த இடத்துக்காக இனி ஒவ்வொரு தீவும் முட்டி மோதும், ஆட்டத்தின் தரமும் ஏறும்.

பக்கம் முழுக்கக் கேட்கவில்லை ஐயா. அடுத்த ஓசியானியா கோப்பை தொடங்கும்போது அட்டவணையும், ஆட்டம் முடிந்ததும் முடிவும், கோல் போட்டவர் பெயரும் போடுங்கள், நான்கு வரி போதும். பெட்டிச் செய்தியில் அமெரிக்கன் சமோவா மறுபடி வந்தால், சலாபுவின் பெயரையும் 2011-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து பார்க்கும் உங்கள் வாசகர்