வலிப்பை அறியும் கருவி மலைக்கும் எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயந்திரக் கற்றல் (பதிவுகளைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்வது) மூலம் வலிப்பைக் கண்டுபிடித்து, கிளவுட் (இணையம் வழியே எட்டும் தொலைதூரக் கணினிகள்) வழியாக வீட்டாருக்குத் தகவல் அனுப்பும் கருவிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் மகனுக்கு வயது 14. ஆறு வருடமாக வலிப்பு. பெரும்பாலும் விடியற்காலையில், தூக்கத்தில்தான் வரும்.

கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. பகலெல்லாம் இலை பறித்துவிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. அதனால் பழைய சேலைக் கரையைக் கிழித்து, ஒரு முனையை அவன் மணிக்கட்டிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். அவன் புரண்டு படுத்தால் ஒரே ஒரு இழுப்பு. வலிப்பென்றால் வெட்டி வெட்டி இழுக்கும். முதல் வருடம் இரண்டுக்கும் பதறி எழுந்தேன். இப்போது வலிப்புக்கு மட்டும்தான் விழிப்பு வருகிறது. கோவையில் கணினி படிக்கும் மூத்தவள், "மெஷினும் இப்படித்தாம்மா கத்துக்குது" என்றாள்.

அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 22 பேரிடம் எடுத்த மூளை அலைப் பதிவுகளை வைத்துத்தான் பல ஆய்வுகள் நடக்கின்றனவாம். நொடிக்கு 256 முறை அளந்த பதிவுகள். ஆனால் வலிப்பின் சாயல் ஆளுக்கு ஆள் மாறும். அந்தந்த நோயாளியின் பதிவிலும் பழக்கினால் கருவி இன்னும் நன்றாகப் பிடிக்கும். அப்புறம், 'நூற்றுக்கு 99 சரி' என்று சொன்னால் அதை அப்படியே நம்பக் கூடாது. மாதத்தில் சில நிமிடமே வரும் வலிப்புக்கு, 'இல்லை, இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும் கருவிகூட 99 வாங்கிவிடும். எத்தனை வலிப்பைத் தவறவிட்டது, ஓர் இரவில் எத்தனை முறை வீணாக எழுப்பியது என்றுதான் கேட்க வேண்டும்.

அரை மணி நேரம் இ.இ.ஜி. என்ற மூளை அலைப் பதிவு எடுத்தபோது என் மகனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலிப்பு அந்த அரை மணிக்குள்ளா வந்து நிற்கும்? இரவெல்லாம் கையில் கிடக்கும் கருவியின் அருமை எனக்கு அதனால்தான் புரிகிறது. அசைவையும் தோலின் ஈரத்தையும் கவனித்து வலிப்பை அறியும் எம்பிரேஸ் என்ற கைக்கடிகாரத்துக்கு 2018-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் வாசல் படியில்தான் கிடைக்கும். மழையில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து; உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கருவி சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன பயன்? கையில் இரும்புச் சாவி கொடுப்பதைவிட எந்த விதத்தில் அது மேல்?

ஆகவே இவற்றைச் செய்பவர்களுக்கு என் வேண்டுகோள்: வலிப்பா இல்லையா என்பதைக் கருவியே முடிவு செய்து, அடுத்த அறைக்குக் கேட்கும்படி மணி அடிக்கட்டும். பதிவுகளைச் சேமிக்க, மருத்துவருக்குக் காட்ட, கருவியை மேலும் பழக்க கிளவுட் இருக்கட்டும். சிக்னல் வரும்போது அனுப்பிக்கொள்ளட்டும். சோதித்துப் பார்ப்பதையும் நகரத்து மருத்துவமனைகளோடு நிறுத்திவிடாதீர்கள். ஐப்பசி மழையில், கரண்ட் இல்லாத ஓர் இரவில் இங்கே வாருங்கள். என் மகன் கையில் கட்டிப் பாருங்கள். சேலைக் கரையையும் நான் அவிழ்க்காமல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், கோத்தகிரி
(பெயர் வெளியிட வேண்டாம்)