உடற்பயிற்சிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்: பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் பிள்ளைகளின் மாலை விளையாட்டை நிறுத்திவிடலாமா என்றும், இல்லையென்றால் எவ்வளவு நேர உடற்பயிற்சி போதும் என்றும் உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது உடல் உழைக்குமாறு இயங்க வேண்டும். அதை ஒரே தடவையில் செய்து முடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு வேகமாக நடந்து வரும் 15 நிமிடமும், இடைவேளையில் ஓடியாடும் 10 நிமிடமும், மாலையில் கபடியோ கைப்பந்தோ ஆடும் 35 நிமிடமும் சேர்ந்தாலே கணக்கு நிறைந்துவிடும். தேர்வு நாளில் 20 நிமிடந்தான் கிடைத்தது என்றாலும் அதுவும் பயன் தரும்.

நேரத்தோடு வேகத்தையும் பாருங்கள். பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு, சில சொற்களுக்கு மேல் பேசவே முடியாவிட்டால் கடுமையான உழைப்பு. வாரத்தில் 3 நாளாவது கடுமையான ஓட்டமும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். கால் புதையும் நம் கடற்கரை மணலில் ஓடுவது தார்ச்சாலையில் ஓடுவதைவிடக் கூடுதல் உழைப்பைக் கேட்கும். வாடைமழையில் மைதானத்தில் நீர் தேங்கும் நாள்களில் தாழ்வாரத்தில் கயிறு தாண்டச் செய்கிறோம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல விரும்புகிறேன். வயதுக்கு வந்ததும் அவர்களை விளையாட்டிலிருந்து விலக்கிவிடும் வழக்கம் நம் மீனவ ஊர்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. தண்ணீர்க்குடம் சுமப்பதும் உழைப்புதானே என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். உழைப்புதான், ஆனால் தோழியரோடு ஓடி ஆடும் உற்சாகத்தை அது தராது. எலும்பு வலுப்பெறும் வயதும் இதுவே. மாதவிடாய் நாள்களிலும் உடம்பு இடங்கொடுத்தால் தாராளமாக விளையாடலாம்.

பத்தாம் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளையை வேறு எந்தப் பாடத்துக்கும் இவ்வாண்டு ஒதுக்க மாட்டோம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, அடிக்கடி மயக்கம் போன்ற தொல்லை உள்ள பிள்ளைகளின் பெற்றோர், மருத்துவரின் குறிப்போடு வரும் திங்கட்கிழமைக்குள் உடற்கல்வி ஆசிரியரைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்