தொடர் எழுதுகிறவர்களுக்கு: அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாலு நாள்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை வசனம் எழுதுகிறவர்களுக்கும் அவற்றை இயக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன ஆவணியில் அம்மாவுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. நாலு நாளைக்கு டி.வி. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தால், வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு, சுவரில் தொங்கும் காலண்டருக்கு நேராக அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

"பாக்கக் கூடாதுன்னுதானடா சொன்னாங்க, கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

நாலு நாளும் அப்படியே ஓடியது, ராத்திரிக்கு மூன்று தொடர். ஐந்தாம் நாள் நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டபோது, அம்மாவுக்குக் கதையில் ஓர் இடம்கூட விட்டுப்போயிருக்கவில்லை. யார் வீட்டுக்குள் வந்தது, யார் பாலில் எதைக் கலந்தது, யார் யாரை முறைத்தது, எல்லாம் அத்துப்படி. முறைத்தது எப்படியம்மா தெரிந்தது என்று கேட்டேன். "அதான் டொய்ங்னு மூணு வாட்டி அடிக்கிறானே" என்றார்.

அந்த நாலு நாளில் ஒரு மதியம், சும்மா இருக்கிறாரே என்று 'உதிரிப்பூக்கள்' போட்டேன். அதையும் சுவரைப் பார்த்தபடியேதான் கேட்டார். 'அழகிய கண்ணே' வந்தபோது கூடவே முணுமுணுத்தார். அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. "என்னடா சத்தத்தையே காணோம், கரண்டு போயிருச்சா?" இல்லம்மா, எல்லாரும் ஆத்தங்கரையில நிக்கிறாங்க. "எல்லாரும்னா?" ஊரே நிக்குது. "அவன் என்ன பண்றான்?" தண்ணியப் பாத்து நடக்கிறான். "பிள்ளைக எங்கடா இருக்கு?" அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் அது அந்தக் காட்சியாக இருந்திருக்காது. டாக்டர் சொன்னதை மீறி அம்மா நாற்காலியைத் திருப்பினார். நானும் தடுக்கவில்லை.

1979-இல் வந்த படம். எடுத்த மகேந்திரன் அதற்கு ஐந்து வருஷம் முன்னால் 'தங்கப்பதக்க'த்துக்கு வசனம் எழுதியவர். சிவாஜி பேசப் பேசக் கொட்டகை அதிர்ந்த படம் அது. வசனத்தில் அவ்வளவு சம்பாதித்தவர்தான், தானே படம் எடுக்க வந்ததும் பாத்திரங்களைப் பேசாமல் நிற்கவிட்டார். உங்களில் பலரும் வசனத்தில் கெட்டிக்காரர்கள்தான், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் பக்க நியாயமும் தெரியாமல் இல்லை. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபத்துச் சொச்சம் நிமிடம், தினமும். பார்க்கிறவர்கள் பாதிப்பேர் சீரியலை ஒரு காதால் வாங்கிக்கொண்டே மறுநாளைக்கு வெங்காயம் உரிக்கிறவர்கள். நிமிர்ந்து பார்க்கத் தோது இல்லாதவர்களுக்குக் காதுக்குத்தான் எழுத வேண்டியிருக்கும். அது குற்றமே இல்லை. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு அது பழகிய சங்கதியும்கூட. ஆனால் காதுக்கு எழுதுவதிலும் தினுசு இருக்கிறது.

'மெட்டி ஒலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் ஆரம்பித்து 2005 வரை ஓடியது. அம்மா இல்லாத ஐந்து பெண்கள், அப்பா சிதம்பரமாக டெல்லி குமார். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது நானும் அம்மாவும் சேர்ந்து பார்த்தோம். காட்சிகள் நீளம்தான், அழுகையும் அதிகம்தான், இன்றைய கண்ணுக்குப் படமும் மங்கல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தன் வீட்டில் பேசும் சிதம்பரத்துக்கும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பேசும் சிதம்பரத்துக்கும் குரல் வேறு. சம்பந்தி வீட்டில் அந்த ஆளின் குரல் அரைக்கால் இறங்கிவிடும். எந்த டொய்ங்கும் இல்லாமலே நமக்கு வயிற்றைப் பிசையும். அதை இயக்கிய திருமுருகனுக்கு அந்தக் காது இருந்தது.

'சித்தி'யைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பாட்டு கேட்டதும் தெருவில் ஆள் இருக்காது என்று எல்லாரும் சொல்லியாயிற்று. 'கோலங்கள்' பற்றிச் சொல்ல இருக்கிறது. தேவயானியின் அபி சொந்தமாகத் தொழில் நடத்திய கதாநாயகி, அதற்காகவே அந்தத் தொடர் மேல் எனக்கு மரியாதை. ஆனால் 2003-இல் தொடங்கி 2009 வரை, 1500 எபிசோடுக்கு மேல் ஓடிய தொடரில் அதே வில்லன் ஆதிதான் அவளைத் துரத்திக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் எங்களுக்கு ஆதி மேல் கோபம் போய், இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லையா என்ற சலிப்புதான் மிஞ்சியது. அதே காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் 'மர்மதேசம்' வந்தது. அதில் 'விடாது கருப்பு' கதை வாரம் ஒரு நாள்தான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா எடுத்தார். ஒரு முடிச்சு, அது அவிழ்ந்தது, முடிந்தது. இன்றைக்கும் குதிரைச் சத்தம் கேட்டால் அம்மா அதைத்தான் சொல்லுவார்.

'எதிர்நீச்சல்' வந்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது. 'கோலங்கள்' எடுத்த அதே திருச்செல்வம்தான். அடுப்படியில் நந்தினியும் ரேணுகாவும் ஈஸ்வரியும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கும் காட்சிகள் எங்கள் வீட்டு அடுப்படிதான். ஆதி குணசேகரனாக மாரிமுத்து வாயைத் திறந்தால் போதும், எங்கள் பெரியப்பா ஞாபகம் வரும். (பெரியப்பாவிடம் சொல்லவில்லை.) அவரும் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார் என்பதுதான் வேடிக்கை. அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்தை வைத்து இழுத்த இழுப்பை மன்னிக்க முடியாது என்றாலும், பார்த்துக்கொண்டே இருந்தோம். 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்துபோனார். அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதே பாடுதான். என் ஆசை வேறு. நாற்காலியைக் காலியாகவே விட்டிருக்கலாம். அதட்ட ஆள் இல்லாத வீட்டில், பயந்தே பழகிய அந்தப் பெண்கள் காலையில் எழுந்து யாருக்கு முதல் காப்பி போடுவார்கள்? அதை நாலு வாரம் காட்டியிருந்தால் அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்திருப்பார்.

சினிமாக்காரர்களிடமும் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. 'மெய்யழகன்' எனக்குப் பிடித்த படம். நீளம் என்று வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். கார்த்தி சரித்திரம் பேசும் இடங்களில் கொஞ்சம் எனக்கும் அதிகம்தான். அம்மாவுக்குக் குறை வேறு. தன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன் பெயரே தெரியாமல் அரவிந்த்சாமி முழித்துக்கொண்டே இருக்கிறாரே, "நீ யாருப்பான்னு கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, அதுல என்ன வெக்கம்?" கேட்டிருந்தால் படமே இல்லையம்மா என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு, சீக்கிரம் தூங்கியிருக்கலாம்" என்றார்.

'கொட்டுக்காளி'யைப் புதுக் கண்ணோடு பார்த்தார். பின்னணி இசையே கிடையாது. அன்னா பென் படம் முழுக்க வாய் திறப்பதே அபூர்வம். அம்மா எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு தடவைகூட எழவில்லை. வழியை மறித்து நிற்கிற காளையிடம் போக ஆம்பிளைகள் எல்லாம் தயங்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போகும். அதற்கு அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எந்தக் காமெடி டிராக்குக்கும் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. முடிவுதான் சண்டையாகிவிட்டது. முடிவைச் சொல்லாமலே படம் நின்றதும், "நெட்டு போயிருச்சாடா?" என்று கேட்டார். இல்லை, அவ்வளவுதான் என்றேன். "இம்புட்டு நேரம் கூட்டிக்கிட்டுப் போயிட்டு நடுரோட்டுல எறக்கிவிட்டுட்டான்" என்று ரெண்டு நாள் திட்டினார். எனக்கு அந்த முடிவு சரி. ஆனால் ரெண்டு நாள் ஒரு படத்தைத் திட்டுவது என்றால், ரெண்டு நாளும் அது மனசில் ஓடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? உங்கள் தொடர்களை அம்மா திட்டுவதே இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படப்பிடிப்பு நெருக்கடியும், வியாழக்கிழமை டி.ஆர்.பி. வரும் வரை உங்களுக்கு இருக்கும் வயிற்றுக் கலக்கமும் எனக்குப் புரிகிறது. 'சுழல்' வெப் சீரிஸ் மாதிரி 8 எபிசோடில் முடியுங்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு காட்சி போதும். டொய்ங் வேண்டாம், மூன்று பக்கமிருந்து முகத்தைக் காட்ட வேண்டாம், "அப்படீன்னா நீ சொல்ல வர்றது..." என்று கேட்ட வசனத்தையே திருப்பிச் சொல்ல வேண்டாம். ஒருத்தி சும்மா உட்கார்ந்து துணி மடிக்கட்டும். அவள் எந்தச் சட்டையை மடிக்காமல் தள்ளி வைக்கிறாள் என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

தை மாதம் அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன். மறுபடியும் நாலு நாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் உட்காருவார். அந்த நாலு நாளில் ஒரு தடவையாவது "என்னடா நடக்குது?" என்று அவர் என்னிடம் கேட்க வேண்டும். ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ரிமோட் கையில் இல்லாத ஒரு நேயர்