சிங்கத்துக்கு முன் புல்லைப் பார்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பிப்ரவரியில் தான்சானியாவின் செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிங்கம் எங்கே இருக்கும் என்று கேட்டிருந்தாய். அதை வண்டி ஓட்டுபவர் காட்டிவிடுவார். நீ முதலில் மண்ணையும் புல்லையும் பார்.

பூங்காவின் நாபி மலை வாசலைச் சுற்றிய சமவெளியில் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மழைக்குறைவு மட்டும் காரணமில்லை. கிழக்கே கொரொங்கோரோ மேட்டு எரிமலைகள் கக்கிய சாம்பல் அங்கே படிந்திருக்கிறது. மழைநீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்க, அது இறுகித் தளம் போட்டதுபோல் ஆகிவிட்டது. மர வேர் அதைத் தாண்டாது. புல்லுக்கு மேல்மண்ணே போதும். அந்தக் குட்டைப்புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியவை. மாடு போன்ற உடல்கொண்ட பெரிய மான் இனமான வில்டபீஸ்டுகள் சுமார் 13 லட்சம், கன்று ஈனும் காலத்தில் இங்கே வந்து சேர்வது அதனால்தான். பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். அத்தனையையும் கழுதைப்புலிகளால் தின்று தீர்க்க முடியாது.

நெடும்புல் பகுதியில் மேய்ச்சல் வரிசையைக் கவனி. வரிக்குதிரை முன்னால் போகும். அசைபோடாத பிராணி அது. நார்த்தண்டையும் நிறையத் தின்று சீக்கிரம் வெளியேற்றிவிடும். மேல்பகுதி குறைந்த பிறகு வில்டபீஸ்ட் இலையை மேயும். அடியில் துளிர்ப்பது தாம்சன் மானுக்கு. அதைக் கிராண்ட் மானோடு குழப்பிக்கொள்ளாதே. விலாவின் கறுப்புப் பட்டையை நம்பினால் ஏமாறுவாய், சில கிராண்ட் மான்களுக்கும் அது உண்டு. பின்புறத்தைப் பார்: வெள்ளை நிறம் வாலுக்கு மேலேயும் ஏறியிருந்தால் கிராண்ட்.

ஒன்றை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. 1890களில் பரவிய வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு நோய்) இந்த வில்டபீஸ்ட் கூட்டத்தை அழித்திருந்தது. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு காட்டிலும் நோய் நின்றது. 1961இல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், 1977இல் 13 லட்சம்! அவை புல்லைத் தின்றதால் தீ குறைந்தது, தீ குறைந்ததால் வேலங்கன்றுகள் பிழைத்தன. மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டையே வளர்த்திருக்கிறது.

தாழ்வான இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கம்போலக் கரிசல். மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அந்த நாளில் கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள். அங்கே நிற்கும் குட்டை வேலமரத்தின் உப்பிய முள்ளுக்குள் எறும்பு குடியிருக்கும், கிளையைத் தொட்டால் பாய்ந்து வரும்.

பைனாகுலர் 8x42 போதும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கானல் எழுந்து தூரத்து உருவம் நெளியும். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது, தூரக் காட்சியைக் காலையிலேயே முடித்துவிடு. கேமராவைத் தாங்க அவரை விதை நிரப்பிய துணிப்பை எடுத்துக்கொள். படம் எடுக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல், அதிர்வில் படம் கலங்கும். சமவெளியில் லென்ஸ் மாற்றாதே, தூசி நுழையும். நீலமும் கறுப்பும் உடுத்தாதே, அந்த நிறங்களுக்கு செட்சி ஈ தேடி வரும். மெல்லிய துணி என்றால் அதைத் துளைத்தே கடிக்கும்.

எனக்கு ஒரு உதவி. புல்வெளியில் இறங்கி அளக்க அனுமதி இல்லை, அதனால் வில்டபீஸ்டின் காலையே அளவுகோலாக வை. புல்லில் குளம்பு மறைகிறதா, முட்டி மறைகிறதா, வயிற்றைத் தொடுகிறதா என்று இடம்வாரியாகக் குறித்து, அங்கே எது மேய்ந்தது என்று பக்கத்தில் எழுது. திரும்பியதும் முதலில் அந்த நோட்டை அனுப்பு, படங்கள் பிறகு வரட்டும்.

உன்,
ராஜு