சாமானியர்களைத் தொடாதவர்களா யாகுசாக்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய தாதா படங்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஒளிப்பதிவு, சண்டைக் காட்சிகள், இசை பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யாகுசாக்கள், அதாவது ஜப்பானின் குற்றக் கும்பல்காரர்கள், நேர்த்தியாக உடுத்துபவர்கள், சொன்ன சொல் தவறாதவர்கள், சாமானியர்கள்மீது கை வைக்காதவர்கள் என்று போகிற போக்கில் அவர் எழுதிச் சென்றிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வேலை நிமித்தம் சில ஆண்டுகள் ஜப்பானின் கோபே நகரில் குடியிருந்தவன் நான். அந்நாட்டின் மிகப் பெரிய கும்பலான யமாகுச்சி-குமி 1915ஆம் ஆண்டில் தோன்றியது அந்த ஊரில்தான்.

முதலில் உடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வரிசையில் நிற்கும் காட்சி முழுக் கற்பனை இல்லை. பெரிய தலைவரின் இறுதிச் சடங்கு, சிறையிலிருந்து ஒருவர் விடுதலையாகும் நாள் என்றால் அப்படித்தான் நின்றார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சுருள் சுருளாக்கிய முடி, பளபளக்கும் வெள்ளைக் காலணி, பெரிய வெளிநாட்டுக் கார் என்று நூறடி தூரத்திலேயே அடையாளம் தெரியும்படி திரிந்தவர்களும் உண்டு. ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிவதுதான் அவர்களுக்கு முதலீடு. கோட்டில் குத்திய கும்பல் சின்னத்தையும், அதே சின்னம் அச்சிட்ட முகவரி அட்டையையும் கண்டால் போதும், எதிரில் இருப்பவர் பணத்தை எடுத்து வைத்துவிடுவார். கத்திக்கு வேலையே இருக்காது.

கும்பலின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பதைத் தடுக்கும் சட்டம் 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அவர்களுக்குப் பணமோ சலுகையோ கொடுக்கும் வணிகர்களையும் பொறுப்பாக்கும் விதிகள் 2011 அக்டோபருக்குள் எல்லா மாகாணங்களுக்கும் வந்து சேர்ந்தன. அடையாளம் காட்டினால் இலாபம் என்ற நிலை போய், அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்றாகிவிட்டது. உடையும் அதற்கேற்ப மாறியது. இன்று ரயிலில் பக்கத்து இருக்கையில் சாதாரண சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது. முதுகை நிறைக்கப் பச்சை குத்திக்கொள்வதற்கும் இதே கதைதான். படத்தில் சண்டைக்கு முன் சட்டையைக் கழற்றி வீசுகிறார்கள். நிஜத்தில் மரபான பச்சை, சட்டைக்குள் முழுவதும் மறையும்படி அளவு பார்த்துக் குத்தப்படுவது.

கோபேயில் நான் வங்கிக் கணக்கு தொடங்கச் சென்றபோது, பெயர், முகவரிக்கு அடுத்து ஒரு கட்டம் இருந்தது. நான் வன்முறைக் கும்பலைச் சேர்ந்தவன் அல்லன் என்று உறுதியளித்து அதில் குறியிட வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும் அதே வாசகம். கும்பலில் இருப்பது மட்டுமே அங்கே குற்றம் ஆகாது. ஆனால் இருந்துகொண்டே அந்தக் கட்டத்தில் குறியிட்டால் மோசடி வழக்கு பாயும். வங்கிக் கணக்கு இல்லை, வாடகை வீடு இல்லை, சொந்தப் பெயரில் கைபேசி இணைப்பு இல்லை என்றால் இந்தத் தொழிலுக்கு எந்த இளைஞன் வருவான்? 1963இல் ஏறத்தாழ 1,84,000 பேர் இருந்த கூட்டம், ஜப்பானியக் காவல்துறைக் கணக்குப்படி 2024 முடிவில் 18,800 ஆகச் சுருங்கியிருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அரிசி திருடியும், கள்ளத்தனமாகக் கடல் அட்டை பிடித்தும் மாட்டிக்கொண்டவர்கள் இவர்களில் உண்டு.

அவர்கள் மிரட்டும் விதத்தையும் படங்கள் தப்பாகவே காட்டுகின்றன. மதுக்கடைக்குள் நாலு பேர் நுழைந்து மேசையைப் புரட்டுவது திரையில் பார்க்க நன்றாக இருக்கும். நடப்பது வேறு. ஒருவர் வந்து, உங்கள் கடைக்கு வாடிக்கையாளர்கள் கை துடைக்கும் ஈரத் துவாலைகளை இனி நாங்களே தருகிறோம் என்பார். தொட்டிச் செடிகளை வாடகைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார். புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் மூங்கில் அலங்காரத்தையும் அவரிடமே வாங்க வேண்டும். பேச்சில் மரியாதை குறையாது. விலை மட்டும் சந்தை விலையைவிடப் பல மடங்கு இருக்கும். மாதாமாதம் அந்தத் துவாலைக்குப் பணம் கட்டிய கடைக்காரர் எந்தப் படத்திலும் கதாநாயகன் ஆனதில்லை.

1995 நிலநடுக்கத்தின்போது கோபேயில் யமாகுச்சி-குமி உணவும் தண்ணீரும் விநியோகித்தது உண்மை. பசித்தவர்கள் வாங்கிக்கொண்டதில் தவறும் இல்லை. ஆனால் அதையே சான்றாக வைத்து அவர்களைத் தர்மவான்கள் ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். அமைதியான குடியிருப்புப் பகுதியில் உயர்ந்த மதில்களுக்குள் இருந்த அந்தக் கும்பலின் தலைமையகத்தில்தான் ஹாலோவீன் நாளில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து வந்தார்கள். கும்பல்கள் குழந்தைகளுக்குப் பொருள் கொடுப்பதை 2020இல் மாகாண அரசு சட்டம் போட்டுத் தடுத்தது.

சாமானியர்மேல் கை வைக்கமாட்டார்கள் என்றாரே கட்டுரையாளர், அவருக்கு ஜூஸோ இதாமியை நினைவூட்டுகிறேன். ஒரு ஹோட்டல் ஊழியர்கள் பெண் வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு யாகுசா மிரட்டலை எதிர்த்து நிற்கும் கதையை 'மின்போ' என்ற படமாக 1992 மே மாதம் வெளியிட்டார் அந்த இயக்குநர். வீரர்களாகவே பார்த்துப் பழகிய யாகுசாக்களை வெறும் வாய்ச்சவடால் ரவுடிகளாகக் காட்டிய படம் அது. வெளியான சில நாட்களில் வீட்டருகிலேயே கும்பல் ஆட்கள் அவர் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள்.

நாகசாகி மேயர் இச்சோ இதோ 2007 ஏப்ரலில் தேர்தல் பிரசாரத்துக்கு நடுவே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் யமாகுச்சி-குமியின் கிளைக் கும்பலைச் சேர்ந்தவர். கிடாகியூஷூ நகரின் குடோ-கை கும்பல் இன்னும் கொடியது. 2012இல் கும்பல் ஆட்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று பலகை வைத்த மதுக்கடைகளில் தீவைப்பும் கத்திக்குத்தும் நடந்தன. 2013இல் குத்தப்பட்டவர் ஒரு செவிலியர். கும்பல் தலைவர் அழகு சிகிச்சைக்குச் சென்ற மருத்துவமனையில் வேலை பார்த்தவர் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கும் யாகுசா உலகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மறு ஆண்டு ஒரு பல் மருத்துவர் குத்தப்பட்டார். அந்தத் தலைவருக்கு 2021இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2024 மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இந்தச் செவிலியரையும் அந்தக் கடைக்காரர்களையும் நினைக்கும்போதுதான் கறுப்பு சூட்டின் நேர்த்தி பற்றிய வரிகள் என்னை உறுத்துகின்றன.

படத்தை ரசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வரலாறாக எழுதவேண்டாம் என்பதே என் வேண்டுகோள். குடோ-கையின் தலைமையகக் கட்டடம் இன்று இல்லை. அதை இடித்தபின், வீடற்றோருக்காகப் பாடுபடும் ஹோபோகு என்ற தொண்டு நிறுவனம் அந்த நிலத்தை வாங்கியது. அந்த ஊர் மக்கள் அச்சத்தை எப்படி எதிர்கொண்டார்கள், பலகை வைத்த கடைகள் என்னவாயின, அந்த நிலம் எப்படித் தொண்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது என்பவற்றை விரிவாக விசாரித்து, இதே பக்கங்களில், இதே அளவு இடம் ஒதுக்கி ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி