பேனரில் பெயர் வராதவர்களுக்கு: ஆடிக் கூழ் நன்றி மடல்

தெருவாசிகளுக்கும் சுற்றுவட்டாரத்து அன்பர்களுக்கும் வணக்கம்.

அம்மன் அருளால் இந்த ஆடியும் கூழ் வார்த்தல் குறைவில்லாமல் முடிந்தது. பொருள் தந்தவர்களின் பெயர்கள் பேனரில் ஏறிவிட்டன, பொன்னாடையும் போட்டாயிற்று. இந்த மடல் மற்றவர்களுக்கு. சனிக்கிழமை மாவில் கை வைத்தது முதல் திங்கட்கிழமை அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தது வரை உடன் நின்றவர்களுக்கு. யார் எதைச் செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். அடுத்த ஆடிக்குத் துடுப்பு பிடிக்க வரும் பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

முதலில், 21 கிலோ கேழ்வரகைக் கல் அரித்துக் கழுவி உலர்த்திய தாய்மார்களுக்கு. கூழில் ஒரு கல் கடிபட்டாலும் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அரிசி அரைத்து முடித்த கையோடு நம் தானியத்தை வாங்கிக்கொண்ட மாவு மில்காரருக்கும் நன்றி. மிளகாய் அரைத்த கல்லில் அடுத்ததாகப் போட்டால் காரம் மாவில் ஏறிவிடும், கூழில் அதை மறைக்க வழியே இல்லை. அரைத்த மாவைச் சூட்டோடு மூட்டை கட்டாமல் வேட்டியில் பரப்பி ஆறவிட்ட தம்பிகளுக்குத் தனியாக ஒரு நன்றி. சூடான மாவு பைக்குள் வியர்த்துக் கட்டிபிடிக்கும், வாடையும் வரும். அடுத்த ஆண்டு கம்பும் சேர்க்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். மாவாக வைத்தால் சீக்கிரம் கசந்துவிடும் என்பதால், கரைப்பதற்கு முதல்நாள்தான் அரைக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு 20 கிலோ மாவை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்தோம். இதற்கு எவர்சில்வர் பாத்திரங்களைத் தந்த வீடுகளுக்கு நன்றி. புளிக்கிற மாவை அலுமினியத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைக்கக் கூடாது, புளிப்பு பாத்திரத்தை அரித்துக் களிம்பு ஏற்றும். பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாமல், மேலே வெள்ளைத் துணி கட்டியது சரியான வேலை. இறுக்கி மூடினால் பொங்கி வழியும். பத்து மணி நேரம் போதும். மழை பெய்து குளிர்ந்த இரவென்றால் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேண்டும், அப்போது 4 மணிக்கே கரைத்துவிடுவது நல்லது.

விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அடுப்பு எம்மாத்திரம். காற்று அடிக்கும் மேற்குப் பக்கம் தகரத் தட்டி நட்டுக் கொடுத்தவர்கள் இல்லையென்றால் தீ ஒரு பக்கமே சாய்ந்திருக்கும். சாய்ந்தால் அண்டாவின் ஒரு பாதி கருகும், மறுபாதி வேகாது. சவுக்கு விறகை இரண்டு வாரம் முன்பே பிளந்து காயவைத்தவருக்கும் நன்றி. ஈர விறகின் புகை கூழில் இறங்கிவிடும்.

இரண்டு அண்டாக்களில் 8 கிலோ அரிசி நொய்யை 35 லிட்டர் தண்ணீரில் வேகவைத்து, நொய் மலர்ந்த பிறகே மாவுக் கரைசலை ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் நொய் அப்படியே நிற்கும், மாவு கெட்டியானபின் அதை வேகவைக்க முடியாது. அடியில் தங்கிய மாவை இன்னும் 15 லிட்டர் வெந்நீரில் கரைத்து ஊற்றினார்கள். ஒருவர் ஊற்ற, இருவர் துடுப்பால் அடியை வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் போதாமல் கெட்டியாக ஊற்றினால் மாவின் வெளிப்புறம் மட்டும் வெந்து தோலாகி, உள்ளே பச்சை மாவோடு உருண்டை நிற்கும். அந்த உருண்டையை அப்புறம் எத்தனை கிண்டினாலும் உடையாது.

ஊற்றி முடித்ததும் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகான 40 நிமிடங்கள்தான் உண்மையான வேலை. கூழ் கொப்பளித்துத் தெறிக்கும், தெறித்தது தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். முழுக்கைச் சட்டையோடு, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மாற்றிக்கொண்டு துடுப்பு போட்ட எட்டுப் பேருக்கும் குழுவின் கைகூப்பு. நனைத்த விரலால் தொட்டு, ஒட்டாவிட்டால் வெந்தது என்று அர்த்தம். நிறம் கறுத்துப் பளபளக்கும், பச்சை வாடை போய்விடும். அடி பிடித்த வாசம் வந்தால் சுரண்டவே கூடாது. மேலே இருப்பதை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

வெந்த களியைச் சிறு சிறு குண்டான்களில் பிரித்து வைத்தவர்கள் பெரிய உதவி செய்தார்கள். அண்டாவிலேயே விட்டால் மேலே ஆறியது போல இருக்கும், நடுவில் மத்தியானம் வரை கொதிக்கும். அந்தச் சூட்டில் மோர் ஊற்றினால் திரிந்துவிடும். 10 மணிக்கு மேல் முழங்கை வரை கழுவிய கைகளால் கட்டி உடைத்து, 20 லிட்டர் தயிரைக் கடைந்து ஊற்றி, குடிநீர் கேன் ஐந்தைச் சேர்த்துக் கரைத்தோம். கேன் தண்ணீர் எதற்கு, போர் தண்ணீர் போதாதா என்று கேட்டவர்களுக்கு: இந்தத் தண்ணீர் மறுபடி அடுப்பைப் பார்ப்பதில்லை. கல்லுப்பு இரண்டு கிலோ. அதையும் கரைத்து வடிகட்டி, பாதியை முதலில், மீதியை ருசி பார்த்து ஊற்றினார்கள். சின்ன வெங்காயத்தை மொத்தமாகக் கொட்டாமல், ஊற்றப்போகும் வாளியில் மட்டும் அவ்வப்போது போட்டதால்தான் கடைசி ஆள் வரைக்கும் வெங்காய வாடை மண்டவில்லை.

இனி, சொல்லத் தயங்குகிற ஒரு நன்றி. வீட்டுக்கு ஒரு குடம் வேப்பிலை கட்டிக்கொண்டு வந்து கோயில் அண்டாவில் சேர்ப்பதுதான் நம் வடமாவட்ட வழக்கத்தின் அழகே. ஆனால் கெட்டுப்போன ஒரு குடம் போதும், 200 லிட்டரும் வீண். புளிப்பு குற்றமில்லை. குமட்டும் வாடையும், கரண்டியில் எடுத்தால் நூல் போல இழுப்பதும்தான் கெட்டதற்கு அடையாளம். ஒவ்வொரு குடத்தையும் முகர்ந்து, ஒரு சொட்டு ருசித்து, பிறகே ஊற்றவிட்ட பெரியம்மாவுக்கு நன்றி. சந்தேகம் உள்ளதை “இது அம்மன் எதிரில் இருக்கட்டும்” என்று தனியே வைத்ததில் யாருடைய முகமும் வாடவில்லை. அந்தச் சாமர்த்தியம் எழுதிக் கற்றுக்கொடுக்கிற விஷயமில்லை.

வரிசையை இரண்டாகப் பிரித்த இளைஞர்களுக்கு: நின்று குடிப்பவர்களுக்கு ஒன்று, தூக்குவாளியில் வாங்கிப்போகிறவர்களுக்கு ஒன்று. ஒரே வரிசையாக இருந்தால் ஒரு தூக்குவாளிக்குப் பின்னால் பத்துப் பேர் வெயிலில் நிற்பார்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை என்பதால் எவர்சில்வர் டம்ளர்களே ஓடின. அவற்றை வெந்நீரில் அலசிக்கொண்டே இருந்த பெண்கள் மதியம் மூன்று மணி வரை உட்காரவில்லை. பம்பை, உடுக்கை, சிலம்போடு வர்ணிப்புப் பாடியவர்கள், கரகம் ஜோடித்தவர்கள், இரவு கும்பப் படையலுக்குக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் சமைத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

கூழ் காலியானவுடன் அண்டாக்களில் தண்ணீர் நிரப்பிவைத்த கைகளுக்கும் நன்றி. காய்ந்த கூழை எடுக்க உளிதான் வேண்டும்.

ஒரு பித்தளைக் கரண்டி, இரண்டு தூக்குவாளி மூடிகள், நீலக் கரை போட்ட துண்டு ஒன்று கோயில் அறையில் இருக்கின்றன. உரியவர்கள் மாலைப் பூசைக்கு வரும்போது பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கூழ் வார்த்தல் பணிக்குழு